தடுப்பும் பராமரிப்பும்: சிங்கப்பூரில் உடற்குறையுள்ள குழந்தைகளுக்கான பொதுச் சுகாதாரச் சேவையின் வரலாறு

முன்னுரை

ஒரு நாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இறப்பு விகிதத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர். சிங்கப்பூரில் 1950ஆம் ஆண்டில் ஆயிரம் பிறப்புகளுக்கு 80க்கு மேலிருந்த குழந்தை இறப்பு விகிதம் 1960இல் ஏறத்தாழ 35ஆகவும், 1970இல் 20 என்னும் அளவிலும் குறைந்தது. இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும், இறவாமல் பிழைத்த குழந்தை எந்நிலையில் பிழைத்தது என்னும் வினாவுக்கு இவ்விகிதம் விடை தருவதில்லை. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தையும், பிறந்த சில நாள்களில் மஞ்சள் காமாலையால் மூளை பாதிக்கப்பட்டுக் கேட்கும் திறனை இழந்த குழந்தையும் இறப்புக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

இத்தகைய குழந்தைகளைச் சிங்கப்பூரின் பொதுச் சுகாதார அமைப்பு எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குறையை வருமுன் தடுக்கும் பணியை அரசு தன் கடமையாக ஏற்று, அதனை வியக்கத்தக்க விரைவோடு நிறைவேற்றியது. குறை நேர்ந்துவிட்ட குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்போ நெடுங்காலம் குடும்பங்களின்மீதும் தொண்டு அமைப்புகளின்மீதும் விழுந்தது. தடுப்புக்கும் பராமரிப்புக்கும் இடையிலான இவ்விடைவெளி சட்ட அளவில் குறையத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான் என்பதே நாம் நிறுவ முனையும் கருத்தாகும்.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. பழைய ஆவணங்களிலும் நிறுவனப் பெயர்களிலும் 'முடவர்', 'ஊனமுற்றோர்', 'மந்தபுத்தியுடையோர்' என்னும் பொருள்தரும் சொற்களே வழங்கின. இன்று சிங்கப்பூரில் 'உடற்குறையுள்ளோர்', 'சிறப்புத் தேவையுடையோர்' என்னும் தொடர்களும், தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லும் வழக்கில் உள்ளன. நாம் இன்றைய சொற்களையே கையாள்கிறோம். பழைய பெயர்களைச் சுட்ட நேரும் இடங்களில் மட்டும் அக்காலச் சொற்களை அவ்வாறே தந்துள்ளோம்.

போருக்கு முந்தைய நிலை

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தாய்சேய் நலப்பணி குழந்தையின் உயிரைக் காப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தது. 1921ஆம் ஆண்டில் பள்ளி மருத்துவச் சேவை தொடங்கப்பெற்றது. 1924ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 30 படுக்கைகளுடன் மகப்பேற்று மருத்துவமனையாக இயங்கத் தொடங்கியது. மலாய் மொழியில் எருமைப் பட்டி எனப் பொருள்படும் அப்பெயர், தமிழர் தேக்கா என வழங்கும் அவ்வட்டாரத்தின் கால்நடைத் தொழிலை நினைவூட்டுவதாகும். 1927ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த தாதி ஐடா சிம்மன்ஸ், 1948இல் ஓய்வு பெறும்வரை கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று சிசு நலம் பேணும் முறையை வளர்த்தெடுத்தார்.

நெடுநாள் நோயுற்ற குழந்தைகளுக்கான பணியைச் சமய அமைப்புகளே முன்னின்று செய்தன. மருத்துவர் சார்லட் ஃபெர்குசன்-டேவி 1913ஆம் ஆண்டில் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் மருத்துவப் பணி, 1939ஆம் ஆண்டில் சிக்லாப் கடற்கரையோரத்தில் எலும்பு மருத்துவமனை ஒன்றை அமைத்தது. எலும்பிலும் மூட்டிலும் காசநோய் கண்ட குழந்தைகள் அங்கு மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெற்றனர். நோய் தணிந்தாலும் நெடுங்காலத் துணை தேவைப்படும் குழந்தைக்கெனத் தனியிடம் வேண்டும் என்னும் எண்ணம் இங்கு உருப்பெற்றதைக் காண்கிறோம். அவ்வெண்ணத்தைச் செயற்படுத்தியது அரசன்று என்பதும் கருதத்தக்கது.

1958: இளம்பிள்ளை வாதமும் வாய்வழித் தடுப்பு மருந்தும்

போருக்குப் பின் அரசு தடுப்புப் பணியில் காட்டிய துணிவுக்குச் சான்றாக அமைவது 1958ஆம் ஆண்டின் இளம்பிள்ளை வாதப் பரவலாகும். அவ்வாண்டில் நானூறுக்கும் மேற்பட்டோர் பக்கவாதத்தோடு கூடிய போலியோவுக்கு ஆளாயினர். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள்.

பரவியது முதல்வகைப் போலியோ நுண்ணுயிரி. ஆயினும், மருத்துவக் குழுவினர் தேர்ந்தெடுத்தது ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய வீரியம் குறைந்த இரண்டாம்வகை நுண்ணுயிரியைக் கொண்ட வாய்வழி மருந்தாகும். இது முதற்பார்வையில் முரணாகத் தோன்றலாம். குடலில் ஒரு வகை நுண்ணுயிரி பெருகியிருக்கும்போது மற்றொரு வகை அங்குக் காலூன்றுவது கடினமாகும். இவ்வியல்பைப் பயன்படுத்தி, தீங்கற்றதெனக் கருதப்பட்ட இரண்டாம்வகையைக் கொண்டு முதல்வகையைத் தடுப்பதே அவர்கள் எண்ணம். 1958இன் இறுதியில் தொடங்கிய இம்முயற்சியில் பத்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 2 இலட்சம் குழந்தைகள் மருந்து பெற்றனர். இதன் முடிவுகள் 1959ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் வெளியாயின. மருந்தால் தீங்கு நேரவில்லை என்பதும், அதனை உட்கொண்டோரிடையே நோய் குறைவாகவே கண்டது என்பதும் அக்கட்டுரையின் சாரம்.

அவ்வாய்வுக் கட்டுரையின் ஆசிரியர்கள் ஐவர்: ஹேல், துரைசிங்கம், கனகரத்தினம், லியோங், மொந்தேரோ. தமிழ்ப் பெயர் தாங்கிய இருவர் இப்பட்டியலில் இடம்பெற்றிருப்பதை இந்தியவியல் மாணவர்கள் கவனத்தில் கொள்ளல் வேண்டும். அவர்களுள் கனகரத்தினம் பின்னர் 1966ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற குடும்பக் கட்டுப்பாடு, மக்கள்தொகைக் கழகத்தின் தலைவராகவும், அதன்பின் உலக வங்கியின் மக்கள்தொகைத் திட்டங்களுக்குப் பொறுப்பாளராகவும் பணியாற்றினார். மலாயாத் தமிழர் வரலாற்றைத் தோட்டத் தொழிலாளர் வரலாறாகவும் தொழிற்சங்க வரலாறாகவும் எழுதிப் பழகிய நாம், மருத்துவத் துறையில் அவர்கள் ஆற்றிய இத்தகைய பணிகளை இன்னும் போதிய அளவு பதிவு செய்யவில்லை.

1962 முதல் வாய்வழித் தடுப்பு மருந்து வழக்கமான திட்டமாயிற்று. உள்நாட்டில் தொற்றிய இளம்பிள்ளை வாதம் 1970களோடு மறைந்தது. 2000ஆம் ஆண்டில் மேற்குப் பசிபிக் வட்டாரம் முழுவதும் போலியோ அற்றதாக அறிவிக்கப்பெற்றது. நோயின் வரலாறு இவ்வாறு முடிவுற்றதெனினும், 1958இல் நடக்கும் திறனை இழந்த குழந்தைகளின் வரலாறு அத்துடன் முடியவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டவை கால்தாங்கிகள், அறுவைச் சிகிச்சை, இயன்முறைப் பயிற்சி, படியேறாமல் சென்று சேரக்கூடிய பள்ளி ஆகியன. இவற்றுக்கென இரண்டு இலட்சம் பேரைச் சில மாதங்களில் சென்றடைந்த அமைப்புக்கு ஈடான அமைப்பொன்று உருவாகவில்லை.

பாடநூலில் இல்லாத மஞ்சள் காமாலை

இரண்டாவது சான்று இதனினும் நுட்பமானது. பிறந்த குழந்தைகளில் பலருக்குச் சில நாள்களில் தோன்றும் மஞ்சள் நிறம் தானே மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் பிலிருபின் என்னும் நிறமி இரத்தத்தில் அளவுகடந்து மிகுந்து, மூளையின் உட்பகுதிகளில் படிந்து கேடு விளைவிக்கும். மருத்துவர் இதனைக் கெர்னிக்டெரஸ் என்பர். இதற்கு ஆளாகிப் பிழைத்த குழந்தைகள் பலர் தம் உறுப்புகளின் அசைவைக் கட்டுப்படுத்த இயலாத மூளை முடக்குவாதத்தோடும் செவிட்டுத் தன்மையோடும் வளர்ந்தனர். அவர்களின் அறிவு பெரும்பாலும் கெடாதிருந்தும், பேசவும் எழுதவும் இயலாமையால் அறிவற்றவர்களாகக் கருதப்பட்டனர்.

ஐரோப்பியப் பாடநூல்கள் இந்நோய்க்கு முதன்மைக் காரணமாகத் தாய்க்கும் சேய்க்கும் இடையிலான ரீசஸ் இரத்தவகை முரண்பாட்டைக் கூறின. சீனரிடையேயும் மலாய்க்காரரிடையேயும் ரீசஸ் எதிர்மறை இரத்தவகை மிக அரிது. இந்தியரிடையே நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரிடம் அது காணப்படும். எனவே, பாடநூல் சொன்ன காரணத்தைக் கொண்டு நோக்கினால் சிங்கப்பூரில் இந்நோய் குறைவாகவே இருத்தல் வேண்டும். உண்மை நிலை இதற்கு மாறாக இருந்தது.

இப்புதிரை விடுவித்தவர்களுள் முதன்மையானவர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹாக் பூன் ஆவார். 1956ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், பிரிமாகுயின் என்னும் மலேரியா மருந்தை உட்கொண்ட சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதற்குக் காரணம் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியின் குறைபாடு எனக் கண்டறிந்திருந்தனர். சுருக்கமாக ஜி6பிடி எனப்படும் இந்நொதிக் குறைபாடு தாய்வழியாக ஆண் மக்களுக்கு வந்து சேர்வது; வாழ்நாள் முழுதும் நீடிப்பது. மலேரியா பரவியிருந்த நிலப்பகுதிகளில் வாழ்ந்த மக்களிடையே இது மிகுதியாகக் காணப்படும். சிங்கப்பூரில் பிறக்கும் சீன ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரிடம் இக்குறைபாடு உண்டு. மலாய்க்காரரிடையேயும் இது குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. இங்குக் கண்ட கடுமையான காமாலைக்கு இதுவே பெருங்காரணம் என வோங்கும் அவர்தம் குழுவினரும் நிறுவினர்.

காரணம் தெரிந்தபின் செயல் விரைந்தது. 1965ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தம் சோதிக்கப்பெற்றது. குறைபாடுடைய குழந்தைகள் தொடக்கக் காலத்தில் மூன்று வாரம்வரை மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணிக்கப்பெற்றனர். காமாலை அளவு மீறினால் இரத்த மாற்றுச் சிகிச்சையும், பிற்காலத்தில் ஒளிச் சிகிச்சையும் அளிக்கப்பெற்றன. தவிர்க்க வேண்டிய மருந்துகளும் பொருள்களும் பெற்றோருக்கு எடுத்துரைக்கப்பெற்றன. நம் வீடுகளில் துணிகளுக்கிடையே இடும் பாச்சை உருண்டையும் அவற்றுள் ஒன்று. அதிலுள்ள நாப்தலீன், இக்குறைபாடுடைய குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்க வல்லது. பேழையில் பாச்சை உருண்டையோடு மடித்து வைத்த பழந்துணியில் பிறந்த குழந்தையைப் பொதியும் வழக்கம் இக்குழந்தைகளுக்கு ஆபத்தாக அமைந்தது.

இத்திட்டம் வெற்றி பெற்றமைக்கு நிருவாகக் காரணமும் உண்டு. பிறப்புகளில் மிகப் பெரும்பகுதி ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தது. 1966ஆம் ஆண்டில் மட்டும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. பிரசவ அறையிலேயே சோதனையை நடத்த முடிந்தமையால் குழந்தைகளைத் தேடிச் செல்லும் தேவை எழவில்லை. சில ஆண்டுகளில் கெர்னிக்டெரஸ் அரிய நோயாயிற்று. எண்ணத்தக்க இடத்தில் எண்ணத்தக்க நேரத்தில் இருக்கும் குழந்தைக்குப் பொதுச் சுகாதாரம் எத்துணை நன்மை செய்யவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பதரிது.

தடுப்புப் பணி பண்பாட்டு வழக்கங்களோடு மோதிய இடமும் உண்டு. பச்சிளங்குழந்தையின் உடற்சூட்டைத் தணிக்கச் சீனர் அளித்துவந்த ஹுவாங் லியன் முதலிய மூலிகைகளில் பெர்பெரின் என்னும் பொருள் உள்ளது. அது காமாலையை மிகுவிக்கும் எனக் கருதப்பட்டமையால் 1978ஆம் ஆண்டில் தடை செய்யப்பெற்றது. பிற்கால ஆய்வுகளின் அடிப்படையில் 2013ஆம் ஆண்டு தொடங்கி இத்தடை படிப்படியாக நீக்கப்பெற்றது.

பராமரிப்பு யார் பொறுப்பு?

1965இல் தொடங்கிய சோதனை 1965க்கு முன் பிறந்தவர்களுக்குப் பயன்படவில்லை. மூளை முடக்குவாதமுற்ற குழந்தைகளுக்கெனத் தனிச் சங்கம் அமைக்கப்பெற்றது 1957ஆம் ஆண்டில். அது தொண்டர்களின் முயற்சியால் உருவானது. இக்காலத்தில் தோன்றிய அமைப்புகளை வரிசைப்படுத்தினால் ஒரு வடிவம் புலப்படும். பார்வையற்றோர் சங்கம் 1951இலும், செவிப்புலன் குறைந்தோர் சங்கம் 1955இலும், அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான சங்கம் 1962இலும் தோன்றின. செஞ்சிலுவைச் சங்கம் உடற்குறையுள்ள குழந்தைகளுக்கான இல்லத்தை 1950களின் தொடக்கத்தில் நிறுவியது. ஒவ்வொரு குறைக்கும் ஒரு சங்கம். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஓர் உண்டியல் என்பதே அன்றைய நிலை.

சங்கங்கள் குறைவாரியாக அமைந்தமையால், ஒன்றுக்கு மேற்பட்ட குறைகளையுடைய குழந்தைக்கு எங்கும் இடமில்லாமற் போயிற்று. பார்வையற்ற குழந்தைகளுக்கான பள்ளி நடக்க இயலாத குழந்தையைச் சேர்க்கத் தயங்கியது. நடக்க இயலாத குழந்தைகளுக்கான நிலையம் அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தையைச் சேர்க்கத் தயங்கியது. 1979ஆம் ஆண்டில் லீனா தம்பையா ஆசிய மாதர் நலச் சங்கத்தின் வாயிலாக இத்தகைய குழந்தைகளுக்கென ஒரு விளையாட்டுக் குழுவைத் தொடங்கினார். பல்வகைக் குறைகளையுடைய குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி அதிலிருந்தே வளர்ந்தது. 1991ஆம் ஆண்டில் வழக்கமான பள்ளிகளில் பயிலும் உடற்குறையுள்ள மாணவர்களை நாடிச் சிகிச்சையாளர் செல்லும் திட்டமும் அவர் முயற்சியால் உருவாயிற்று. குழந்தையைச் சேவை இருக்குமிடத்துக்கு வரச் சொல்லாமல், குழந்தை இருக்குமிடத்துக்குச் சேவையைக் கொண்டு செல்லும் முறை அது. வீடு வீடாகச் சென்ற சிம்மன்ஸின் வழிமுறை அறுபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உயிர்பெற்றதாக நாம் இதனைக் கொள்ளலாம்.

நெடுநாள் நோய்களுள் தலசீமியா தனித்து நோக்கத்தக்கது. மூவினத்தாரிடமும் காணப்படும் இப்பரம்பரை இரத்தநோயின் கடுமையான வகையுற்ற குழந்தைக்கு ஏறத்தாழ மாதந்தோறும் இரத்தம் ஏற்றப்பட வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்புச்சத்து இதயத்திலும் ஈரலிலும் சேர்வதைத் தடுக்க, வாரத்தில் பல இரவுகள் தோலின்கீழ் ஊசி செருகி எட்டு மணிநேரத்துக்கு மேல் மருந்து செலுத்தப்பட வேண்டும். வாய்வழி மருந்துகள் பரவலாக வருமுன் இப்பணியை இரவுதோறும் செய்தவர்கள் தாய்மார்களே. 1992ஆம் ஆண்டில் தேசியத் தலசீமியாப் பதிவகம் அமைக்கப்பெற்றது. நோய்க்கூற்றைத் தாங்கிய குடும்பங்களைக் கண்டறிந்து ஆலோசனை வழங்குவது அதன் தலையாய பணி. இங்கும் தடுப்பே முன்னிற்பதைக் காண்கிறோம்.

இரண்டு விலக்குகள்

1988ஆம் ஆண்டில் உடற்குறையுள்ளோருக்கான ஆலோசனை மன்றம் அமைக்கப்பெற்று, அவ்வாண்டிலேயே தன் அறிக்கையை வழங்கியது. சிறப்புக் கல்விக்கு அரசு அளிக்கும் நிதி அதன்பின் உயர்ந்தது. எனினும், பள்ளிகளை நடத்தும் பொறுப்பு தொண்டு அமைப்புகளிடமே நீடித்தது.

இக்காலப்பகுதியில் இரண்டு விலக்குகள் நம் கவனத்தை ஈர்க்கின்றன. முதலாவது மருத்துவக் காப்புறுதி சார்ந்தது. 1990ஆம் ஆண்டில் அறிமுகமான மெடிஷீல்டு திட்டம் பிறவிக் குறைகளுக்குக் காப்புறுதி அளிக்கவில்லை. பிறக்கும்போதே நோயுற்றிருந்த குழந்தையின் செலவைப் பெற்றோரின் சேமிப்பும் அரசு மானியமும் அறநிதியுமே தாங்கின. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் புதிதாகப் பிறக்கும் குழந்தைகளின் பிறவிக் குறைகள் காப்புறுதியில் சேர்க்கப்பெற்றன. 2015ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மெடிஷீல்டு லைஃப், முன்பே உள்ள நோய்களையும் உள்ளடக்கியது.

இரண்டாவது விலக்கு கல்வி சார்ந்தது. 2000ஆம் ஆண்டில் நிறைவேறி 2003ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கு விலக்கு அளித்தது. பெற்றோரைத் தண்டனையிலிருந்து காப்பதே அதன் நோக்கம் எனலாம். ஆயின் அதன் விளைவு வேறு. ஒரு குழந்தை பள்ளிக்கு வரவில்லையெனில் ஏன் வரவில்லை எனக் கேட்கும் கடமையை அச்சட்டம் ஏனைய குழந்தைகள் பொருட்டு அரசுக்கு விதித்தது. சிறப்புத் தேவையுடைய குழந்தையின் பொருட்டு அக்கேள்வியைக் கேட்க யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை. 2019ஆம் ஆண்டில் இவ்விலக்கு நீங்கி, மிதமான அல்லது கடுமையான சிறப்புத் தேவையுடைய குழந்தைகளும் சட்டத்துக்குள் கொண்டுவரப்பெற்றனர்.

இடைப்பட்ட ஆண்டுகளில் வேறு சில முன்னேற்றங்களும் நிகழ்ந்தன. 2003இல் சிசுக்களுக்கும் இளம்பிள்ளைகளுக்குமான தொடக்கநிலை இடையீட்டுத் திட்டம் வகுக்கப்பெற்றது. 2007இல் உடற்குறையுள்ளோருக்கான முதல் பெருந்திட்டம் தொடங்கியது. 2013இல் உடற்குறையுள்ளோர் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையைச் சிங்கப்பூர் ஏற்புறுதி செய்தது. அருள் என்னும் நிலையிலிருந்து உரிமை என்னும் நிலைக்குச் சேவை நகர்ந்தமையை இவை காட்டுகின்றன.

முடிவுரை

1965ஆம் ஆண்டில் பிறந்த குழந்தை, பிறந்தவுடன் அரசால் சோதிக்கப்பெற்றது. அதே குழந்தை சோதனையையும் மீறிக் குறையுற்றிருந்தால், அதன் கல்வியைச் சட்டம் கட்டாயமாகக் கருத மேலும் 54 ஆண்டுகள் ஆயின. தடுப்பில் காட்டிய விரைவுக்கும் பராமரிப்பில் நேர்ந்த தாமதத்துக்கும் காரணம் பகைமையோ அலட்சியமோ என நாம் கருதவில்லை. தடுப்பு ஒருமுறை செய்து முடிப்பது. அதன் பயன் எண்ணில் தெரிவது. பராமரிப்போ ஒரு வாழ்நாள் நீள்வது. அதன் பயன் ஓர் ஆண்டறிக்கையில் அடங்குவதில்லை. எண்ணால் அளக்கப்பழகிய நிருவாகம் எண்ணுக்கு அடங்கும் பணியை முதலில் செய்தது. அளவுகோலை இறப்பு விகிதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வரலாற்றாசிரியரும் அதே பிழையைச் செய்தவராவார்.

தமிழாசிரியர்களுக்கு இவ்வரலாறு இருவகையில் நெருக்கமானது. முன்பு விலக்கப்பட்டிருந்த மாணவர்களில் சிலர் இன்று அவர்தம் வகுப்புகளிலேயே அமர்ந்துள்ளனர். 1958ஆம் ஆண்டில் நோயுற்ற குழந்தைகளோ இன்று எழுபது வயதை ஒட்டியவர்கள். அவர்களைத் தோளில் சுமந்து மருத்துவமனைக்குச் சென்ற தாய் தந்தையருள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். தடுப்பின் வரலாறு மருத்துவ இதழ்களில் பாதுகாக்கப்பட்டுள்ளது. பராமரிப்பின் வரலாறு வீடுகளில், பேச்சுத் தமிழில், முதியோரின் நினைவில் தங்கியுள்ளது. வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கப் பயிற்சி பெற்ற மாணவர்கள் நம் துறையில் உள்ளனர். அம்முதியோர் நம்மிடையே வாழும் காலத்திலேயே அவர்தம் நினைவுகளைத் தொகுக்கும் பணியை நாம் தொடங்குதல் வேண்டும்.